100 கார்தான் வருது... அட்வான்ஸ் போட்டால் வண்டி கிடைக்குமா? லிமிடெட் எடிஷன் கார் புக்கிங்: குமரி மாவட்டத்தினர் தெரிந்துகொள்ள வேண்டியவை

2025 மே 5-ம் தேதி ஃபோக்ஸ்வாகன் நிறுவனம் தனது கோல்ஃப் ஜிடிஐ காருக்கு இந்தியாவில் முன்பதிவைத் திறந்தது. அப்போது விலை எவ்வளவு என்றே யாருக்கும் தெரியாது. ஆனாலும் முதல் தவணையாக ஒதுக்கப்பட்ட 150 கார்களும் புக் ஆகிவிட்டன. மே 26-ம் தேதிதான் ஷோரூம் விலை ரூ.52.99 லட்சம் என்று நிறுவனம் அறிவித்தது.

அதே ஆண்டு அக்டோபரில் ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ் காரிலும் இதே கதைதான். நாடு முழுவதற்கும் மொத்தம் 100 கார். அக்டோபர் 6-ம் தேதி புக்கிங் திறந்தது. 17-ம் தேதி ரூ.49.99 லட்சம் என்று விலை சொன்னபோது வண்டி மிச்சம் இல்லை.

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கம் இப்படிப்பட்ட கார்களுக்கு ஆசைப்படுபவர்கள் இல்லாமல் இல்லை. வளைகுடாவில் பத்து, பதினைந்து வருடம் உழைத்துச் சேர்த்த பணம், ஊரில் வளர்ந்த தொழில் என்று கையில் காசு இருக்கும். ஆனால் சாதாரண கார் வாங்குவது போல ஷோரூமுக்குப் போய், "இந்தக் கலர், இந்த மாடல்" என்று சொல்லி வாங்கிவிட முடியாது. இங்கே அட்வான்ஸ் என்பது வண்டிக்கான விலையின் ஒரு பகுதி அல்ல. வரிசையில் நிற்பதற்கான ஒரு டோக்கன். அந்த டோக்கனுக்குப் பின்னால் உண்மையில் ஒரு கார் இருக்கிறதா என்று பார்க்காமல் பணம் கட்டுவதில்தான் சிக்கல் தொடங்குகிறது.

ஏன், எப்படி? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

ஏன் 100, 150 என்று எண்ணி எண்ணிக் கொண்டுவருகிறார்கள்?

இந்தக் கார்கள் இந்தியாவில் தயாராவதில்லை. கோல்ஃப் ஜிடிஐ ஜெர்மனியிலிருந்தும், ஆக்டேவியா ஆர்எஸ் செக் குடியரசிலிருந்தும் முழு வண்டியாகவே கப்பலில் வருகின்றன. ஒரு புதிய மாடலை இந்தியாவில் விற்க வேண்டுமென்றால், புனேயில் உள்ள ஏஆர்ஏஐ போன்ற அங்கீகரிக்கப்பட்ட மையங்களில் சோதித்துச் சான்றிதழ் வாங்க வேண்டும். அதற்கு நேரமும் ஆகும், செலவும் ஆகும். நூறு கார் விற்பதற்கு அவ்வளவு செலவு செய்தால் கட்டுப்படி ஆகாது.

2018-ல் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் இந்த விதியைத் தளர்த்தியது. ஸ்டீயரிங் வலது பக்கம் இருக்க வேண்டும், சர்வதேசத் தரச் சான்று இருக்க வேண்டும். இந்த நிபந்தனைகளுக்கு உட்பட்டு ஒரு நிறுவனம் ஆண்டுக்கு 2,500 வண்டிகள் வரை இங்கே தனியாகச் சோதனை செய்யாமலே இறக்குமதி செய்யலாம். வெளிநாட்டில் மட்டும் ஓடிக்கொண்டிருந்த ஸ்போர்ட்ஸ் மாடல்கள் இங்கே எட்டிப் பார்க்க இந்த ஏற்பாடு பெரிய காரணம்.

அடுத்தது வரி. முழுதாக இறக்குமதியாகும் காரின் இறக்குமதி மதிப்பு 40,000 டாலரைத் தாண்டினால், சுங்க வரிச் சுமை சுமார் 110 சதவீதம். அதற்குக் கீழே என்றால் அடிப்படைச் சுங்க வரி 70 சதவீதம். அதன்மேல் ஜிஎஸ்டி, 2025 செப்டம்பர் 22 முதல் பெரிய கார்களுக்கு அது 40 சதவீதம். வெளிநாட்டில் நடுத்தரக் குடும்பம் ஓட்டும் ஹேட்ச்பேக் இங்கே அரைக் கோடி ஆவது இதனால்தான். இந்த விலைக்கு எத்தனை பேர் வாங்குவார்கள் என்று நிறுவனமே கணக்குப் போட்டு, விற்றுவிடும் என்று தெரிந்த எண்ணிக்கையை மட்டும் வரவழைக்கிறது.

அப்படியானால் டீலருக்கு இதில் என்ன வேலை?

குழப்பம் இங்கேதான். சாதாரணக் கார் என்றால் டீலர் நிறுவனத்திடம் வாங்கி, யார்டில் நிறுத்தி வைத்து விற்பார். வண்டி கையில் இருக்கும். லிமிடெட் எடிஷனில் எத்தனை கார் வரும், எந்த ஊருக்கு எத்தனை என்பதை நிறுவனம்தான் முடிவு செய்யும். டீலர் பணம் வாங்குவார், ஆவணம் தயாரிப்பார், வண்டி வந்தால் டெலிவரி கொடுப்பார். வண்டியை உருவாக்கித் தர அவரால் முடியாது.

கோல்ஃப் ஜிடிஐ, ஆக்டேவியா ஆர்எஸ் இரண்டுக்கும் புக்கிங் நிறுவனத்தின் இணையதளம் வழியாகவே நடந்தது. ஜிடிஐ புக்கிங்கிற்கு ரூ.2.65 லட்சம், ஆர்எஸ் காருக்கு ரூ.2.5 லட்சம். ஜிடிஐ வேண்டுமென்றால் அந்தக் காரைப் பற்றிய சில கேள்விகளுக்குப் பதில் சொல்லித் தேற வேண்டும் என்றுகூட நிறுவனம் வைத்திருந்தது.

ஆகவே, "அண்ணே, நீங்க அட்வான்ஸ் மட்டும் போடுங்க, வண்டிய நா எடுத்துத் தாறேன்" என்று விற்பனைப் பிரதிநிதி சொன்னால், அவர் கெட்ட எண்ணத்தில் சொல்கிறார் என்று அர்த்தமில்லை. ஒதுக்கீடு கிடைக்கும் என்று அவரே நம்பியிருக்கலாம். ஆனால் அந்த நம்பிக்கைக்கு நிறுவனத்தின் பக்கம் எந்தப் பதிவும் இல்லையென்றால், நீங்கள் வரிசையிலேயே இல்லை.

டீலர் ரசீதும் நிறுவனத்தின் புக்கிங் எண்ணும் ஒன்றா?

இல்லை. டீலர் தரும் ரசீது, அவர் உங்களிடம் பணம் வாங்கினார் என்பதற்கான சான்று மட்டுமே. நிறுவனத்தின் கணினியில் உங்கள் பெயரில் பதிவாகி வரும் புக்கிங் எண்தான் வரிசையில் உங்கள் இடத்தைக் காட்டும். அதற்கும் அடுத்த கட்டம் ஒதுக்கீடு உறுதி: இத்தனை கார்களில் ஒன்று உங்களுக்கு என்று எழுத்தில் வருவது. கடைசிக் கட்டம் சேஸிஸ் எண். 17 எழுத்து, எண் கொண்ட இந்த எண் தெரிந்துவிட்டால், உலகத்தில் இன்ன வண்டி உங்களுடையது என்று ஆகிவிடும்.

நான்கும் நான்கு படிகள். பலர் முதல் படியிலேயே நின்றுகொண்டு, "வண்டி புக் ஆயிட்டு" என்று சொந்தக்காரர்களுக்கெல்லாம் சொல்லிவிடுகிறார்கள். முழுத் தொகையையும் கட்டுவது நான்காவது படி தாண்டிய பிறகுதான் என்று வைத்துக்கொள்வது நல்லது.

பணம் கட்டும் முன் டீலரிடம் கேட்க வேண்டிய கேள்விகள் என்ன?

வாய்ப்பேச்சு வேண்டாம். மின்னஞ்சலில் கேட்டு, மின்னஞ்சலிலேயே பதில் வாங்குங்கள்.

1. இந்த மாடலுக்கு உங்கள் டீலர்ஷிப்புக்கு ஒதுக்கீடு வந்திருக்கிறதா? எத்தனை கார்? அதில் எத்தனை ஏற்கெனவே புக் ஆகிவிட்டன?

2. நான் கட்டும் பணம் யார் கணக்குக்குப் போகிறது? டீலர் நிறுவனத்தின் கணக்கா, கார் நிறுவனத்தின் கணக்கா? தனிநபர் கணக்குக்கோ, ஜிபே எண்ணுக்கோ அனுப்பச் சொன்னால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

3. ஒதுக்கீடு கிடைக்காவிட்டால் முழுப் பணமும் திரும்ப வருமா? எத்தனை நாளில்?

4. நானே ரத்து செய்தால் எவ்வளவு பிடிப்பீர்கள்?

5. விலை அறிவிக்கும் முன் புக் செய்தால், விலை தெரிந்த பிறகு பிடித்தம் இல்லாமல் விலக முடியுமா?

6. டெலிவரிக்கு முன் விலையோ வரியோ மாறினால் எந்த விலை செல்லும்?

ஆறாவது கேள்வியை லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 2025 செப்டம்பரில் ஜிஎஸ்டி மாறியது போல, புக்கிங்கிற்கும் டெலிவரிக்கும் நடுவில் வரி மாறினால் சில லட்சங்கள் ஏறலாம், இறங்கலாம். இறங்கினால் அது உங்களுக்கு வர வேண்டும்.

இன்னொன்று: ரூ.2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்க வருமான வரிச் சட்டம் அனுமதிப்பதில்லை. "கேஷா கொடுத்தா சீக்கிரம் முடிச்சுடலாம்" என்று யாராவது சொன்னால், அது சட்டத்துக்கும் விரோதம், உங்களிடம் ஆதாரமும் இருக்காது.

ஆன்ரோடு விலை எவ்வளவு ஆகும்?

ஆக்டேவியா ஆர்எஸ் காரின் ரூ.49.99 லட்சத்தையே கணக்காக எடுத்துக்கொள்வோம். தமிழ்நாட்டில் 2023 நவம்பர் முதல் ரூ.20 லட்சத்துக்கு மேற்பட்ட கார்களுக்கு ஆயுள்கால சாலை வரி 20 சதவீதம். அதாவது கிட்டத்தட்ட ரூ.10 லட்சம். ரூ.10 லட்சத்துக்கு மேற்பட்ட கார்களுக்கு டிசிஎஸ் 1 சதவீதம். இங்கே சுமார் ரூ.50 ஆயிரம். இந்த டிசிஎஸ் தொகையை வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்யும்போது கழித்துக்கொள்ளலாம், திரும்பவும் பெறலாம்.

இரண்டையும் சேர்த்தாலே ரூ.60 லட்சத்தைத் தாண்டிவிடும். இன்சூரன்ஸ், பதிவுக் கட்டணம் எல்லாம் இதற்கு மேல். "ஐம்பது லட்ச ரூபா கார்" என்று நினைத்து வங்கிக் கடனைத் திட்டமிட்டவர்களுக்குக் கடைசி நேரத்தில் பத்து லட்சத்துக்கு மேல் துண்டு விழும். முதலிலேயே ஆன்ரோடு விலைப் பட்டியலைக் கேட்டு வாங்குவது அவசியம்.

இறக்குமதிக் கார் என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது நடிகர் விஜய்யின் ரோல்ஸ் ராய்ஸ் நுழைவு வரி வழக்கு. 2012-ல் இறக்குமதியான அந்தக் கார் தொடர்பான மனுவை 2021 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றத் தனி நீதிபதி தள்ளுபடி செய்து ரூ.1 லட்சம் அபராதம் விதித்தார். அவர் தெரிவித்த கருத்துகளை 2022 ஜனவரியில் இரு நீதிபதிகள் அமர்வு நீக்கியது. அந்த நுழைவு வரி 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபோது அதற்குள் அடங்கிவிட்டது. இப்போது புதிதாக வாங்குபவர்களுக்கு அந்தக் கவலை இல்லை.

திருவனந்தபுரத்தில் வாங்கி நாகர்கோவிலில் பதிவு செய்யலாமா?

குமரி மாவட்டத்துக்கே உரிய கேள்வி இது. நாகர்கோவிலிலிருந்து சென்னை 700 கி.மீ. தூரம். திருவனந்தபுரம் 70 கி.மீ.க்குள், களியக்காவிளை தாண்டினால் கேரளம். ஒதுக்கீடு அந்தப் பக்க டீலரிடம் இருந்தால் அங்கே வாங்குவதில் தவறில்லை. ஜிஎஸ்டி நாடு முழுவதும் ஒன்றுதான்.

ஆனால் மோட்டார் வாகனச் சட்டப்படி, உரிமையாளர் குடியிருக்கும் அல்லது தொழில் செய்யும், வண்டி வழக்கமாக நிறுத்தப்படும் இடத்தில்தான் பதிவு செய்ய வேண்டும். அதனால் கேரள டீலரிடம் தற்காலிகப் பதிவு வாங்கி, வண்டியை ஊருக்குக் கொண்டுவந்து, நாகர்கோவில் என்றால் டிஎன் 74, மார்த்தாண்டம் என்றால் டிஎன் 75 எண்ணில் நிரந்தரப் பதிவு செய்ய வேண்டும். சாலை வரியை இங்கேதான் கட்ட வேண்டும். கேரளத்தில் தவறுதலாக வரி கட்டிவிட்டு, பிறகு இங்கேயும் கட்டி, அதைத் திரும்பக் கேட்டு அலைவது பெரிய தலைவலி. வேறு மாநிலத்தில் பதிவு செய்யப்போகிறோம் என்பதை முதல் நாளே டீலரிடம் எழுத்தில் சொல்லிவிட வேண்டும்.

"புதுச்சேரியில் போட்டால் வரி மிச்சம்" என்று யோசனை சொல்பவர்களும் உண்டு. அங்கே குடியிருக்காமல் பொய் முகவரி கொடுத்துப் பதிவு செய்வது மோசடி. 2017-ல் கேரளத்தில் விலை உயர்ந்த கார்களை இப்படிப் பதிவு செய்ததாக வரிசையாக வழக்குகள் பாய்ந்ததை மறந்துவிட வேண்டாம்.

துபாயில் வாங்கி ஊருக்குக் கொண்டுவரலாமே?

வளைகுடாவில் இருக்கும் குமரி மாவட்டத்தவர்கள் அதிகம் கேட்கும் கேள்வி. பதில்: பெரும்பாலும் முடியாது. அங்கே விற்கும் கார்களில் ஸ்டீயரிங் இடது பக்கம் இருக்கும். இந்திய இறக்குமதி விதிப்படி வலது பக்கம் இருக்க வேண்டும். வலது பக்க ஸ்டீயரிங் உள்ள நாட்டிலிருந்து பழைய காரைக் கொண்டுவந்தாலும், அது மூன்று ஆண்டுகளுக்கு மேல் பழையதாக இருக்கக் கூடாது; வரிச் சுமை புதிய காரைவிட அதிகம். கப்பல் கூலி, இங்கே செய்ய வேண்டிய சோதனை எல்லாம் சேர்த்தால் சுண்டைக்காய் கால் பணம், சுமைக்கூலி முக்கால் பணம் என்ற கதையாகிவிடும்.

வெளிநாடுகளில் எப்படி?

அங்கே பணம் இருந்தால் மட்டும் போதாது. ஃபெராரி நிறுவனம் தனது அரிய மாடல்களை ஏற்கெனவே பல ஃபெராரிகள் வைத்திருக்கும் வாடிக்கையாளர்களுக்கே முதலில் ஒதுக்கும். சந்தையில் எத்தனை பேர் கேட்கிறார்களோ, அதைவிட ஒரு கார் குறைவாகவே விற்க வேண்டும் என்பது நிறுவனர் என்சோ ஃபெராரியின் கொள்கையாகச் சொல்லப்படுகிறது.

ஃபோர்டு நிறுவனம் 2016-ல் ஃபோர்டு ஜிடி காருக்கு விண்ணப்பம் கேட்டபோது, முதல் 500 கார்களுக்கு 6,500-க்கும் மேற்பட்டோர் விண்ணப்பித்தனர். தேர்வானவர்கள் இரண்டு ஆண்டுகளுக்கு வண்டியை விற்கக் கூடாது என்று நிபந்தனை. மல்யுத்த வீரரும் நடிகருமான ஜான் சீனா அதற்கு முன்பே விற்றதாக 2017-ல் நிறுவனம் வழக்குத் தொடர்ந்தது. 2018-ல் சமரசம் ஏற்பட்டு, அந்தத் தொகை அறப்பணிக்குப் போனது. இங்கேயும் விற்பனை ஒப்பந்தத்தில் இதுபோன்ற நிபந்தனை இருக்கிறதா என்று கையெழுத்துப் போடும் முன் படித்துப் பார்க்க வேண்டும்.

வாய்ப்பு தவறினால் என்ன செய்வது?

அவசரப்பட்டு யாரிடமாவது கூடுதல் விலை கொடுத்து வாங்க வேண்டியதில்லை. லிமிடெட் என்று வந்த எல்லாக் கார்களும் உடனே விற்றுத் தீர்ந்ததில்லை. 2016 நவம்பரில் ஃபோக்ஸ்வாகன் போலோ ஜிடிஐ வெறும் 99 கார்கள் என்ற அறிவிப்போடு ரூ.25.99 லட்சத்துக்கு வந்தது. அடுத்த ஆண்டே விலை ரூ.19.99 லட்சமாகக் குறைந்தது. முதலில் முந்திக்கொண்டு வாங்கியவர்களைவிட, பொறுத்திருந்தவர்களுக்கு ஆறு லட்சம் லாபம்.

அதே மாதிரி, "இனி வராது" என்பதும் எப்போதும் உண்மையாகிவிடாது. 2020-ல் ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ் 245 இதேபோல 200 கார்கள் மட்டும் என்று ரூ.35.99 லட்சத்துக்கு வந்தது. ஐந்து ஆண்டு கழித்து ஆர்எஸ் மறுபடியும் வந்தது, விலைதான் கூடிவிட்டது.

முதல் உரிமையாளரிடமிருந்து வாங்குவதானால், ஆர்சி புத்தகத்தில் வங்கிக் கடன் பதிவு நீங்கியிருக்கிறதா, சேஸிஸ் எண் பொருந்துகிறதா, விபத்து இன்சூரன்ஸ் கிளெய்ம் உண்டா, கம்பெனி சர்வீஸ் பதிவு முழுசாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

வண்டி வந்த பிறகும் சிரமம் உண்டா?

உண்டு. நூறு கார் மட்டும் ஓடும் நாட்டில், அதற்கென்றே உள்ள பம்பர், லைட், சக்கரம் போன்றவற்றை ஒவ்வொரு ஊரிலும் இருப்பு வைக்க மாட்டார்கள். சின்ன இடி என்றாலும் உதிரிபாகத்துக்கு வாரக்கணக்கில் காத்திருக்க நேரலாம். அருகில் உள்ள எந்த சர்வீஸ் மையம் இந்த மாடலைக் கையாளும் என்று புக்கிங்கிற்கு முன்பே கேளுங்கள். தரையோடு தரையாகப் போகும் வண்டி என்பதால், வீட்டுக்குப் போகும் வழியில் உள்ள வேகத்தடைகளையும் ஒருமுறை மனதில் ஓட்டிப் பார்த்துவிடுவது நல்லது.

பணத்தைத் திருப்பித் தர மறுத்தால்?

முதலில் டீலருக்கும் கார் நிறுவனத்தின் வாடிக்கையாளர் பிரிவுக்கும் எழுத்தில் புகார் கொடுங்கள். பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் தீரவில்லையென்றால் நுகர்வோர் ஆணையம்.

2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் ஒரு முக்கிய வசதி இருக்கிறது. டீலர் சென்னையில் இருந்தாலும், திருவனந்தபுரத்தில் இருந்தாலும், புகார்தாரர் தான் வசிக்கும் இடத்திலேயே வழக்குப் போடலாம். அதாவது நாகர்கோவிலில் உள்ள மாவட்ட ஆணையத்திலேயே. நீங்கள் கொடுத்த தொகை ரூ.50 லட்சம் வரை என்றால் மாவட்ட ஆணையம் விசாரிக்கும். ரூ.5 லட்சம் வரை கட்டணமே கிடையாது. புக்கிங் தொகை தகராறுகள் பெரும்பாலும் இதற்குள் அடங்கிவிடும். பிரச்சினை எழுந்து இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் கொடுக்க வேண்டும். இ-ஜாக்ரிதி இணையதளம் வழியாகவும் தாக்கல் செய்யலாம்.

முழுப் பணமும் கட்டி, தொகை ரூ.50 லட்சத்தைத் தாண்டிவிட்டால் மாநில ஆணையத்துக்குத்தான் போக வேண்டும். சேஸிஸ் எண் வரும் முன் முழுத் தொகையையும் கட்ட வேண்டாம் என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

சுருக்கமாக...

* புக்கிங் முதலில் நிறுவனத்தின் இணையதளத்தில் இருக்கிறதா என்று பாருங்கள்.
* டீலர் ரசீதோடு நிற்காமல் நிறுவனத்தின் புக்கிங் எண்ணைக் கேளுங்கள்.
* ரத்து, பணம் திரும்பப் பெறும் நிபந்தனைகள் எழுத்தில் வேண்டும்.
* ஷோரூம் விலையோடு சாலை வரி 20 சதவீதத்தைக் கூட்டிக் கடனைத் திட்டமிடுங்கள்.
* வண்டி எந்த மாநிலத்தில் ஓடுமோ அங்கே பதிவு செய்யுங்கள்.
* சேஸிஸ் எண் கையில் வந்த பிறகே மீதிப் பணம்.
* எல்லா மின்னஞ்சல், ரசீது, வங்கிப் பரிவர்த்தனை விவரங்களையும் டெலிவரி முடியும்வரை பத்திரமாக வையுங்கள்.